பரிசோதனை யாருக்கு?

காத்திருப்பது என்னும் வித்தையில் நம் ஜனங்களுக்கு ஈடு இணை கிடையாது. ரேஷன் கடையில் பருப்புக்குக் காத்திருக்கிறோம். கலியாண வீட்டில் அடுத்த பந்திக்குக் காத்திருக்கிறோம். சித்திரையில் மழைக்குக் காத்திருக்கிறோம். ஐப்பசியில் அந்த மழைத் தண்ணீர் வடிவதற்குக் காத்திருக்கிறோம். அதிலும் சென்னைப் பட்டணத்துக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று குடியிருப்பவர்களுக்கு இந்த வித்தையில் விசேஷப் பயிற்சி உண்டு. 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி ராயபுரத்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டதே, அது ஓடியது எங்கள் பாதையில்தான். அன்று முதல் இன்று வரையில் அந்தப் பாதையில் வண்டி வரும் திசையைப் பார்த்துக் கழுத்து வலிக்காத தலைமுறை ஒன்றும் எங்கள் பக்கத்தில் இல்லை.

ஆனால் நேயர்களே, இந்தக் காத்திருத்தல்களில் எல்லாம் ஒரு சௌகரியம் இருக்கிறது. வரப்போவது இன்னதென்று நமக்குத் தெரியும். ரயில் தாமதமாக வரலாம். ஒரு நாள் வராமலே கூடப் போகலாம். ரயிலுக்குப் பதிலாகப் புலி வந்து நிற்காது. வரப்போவது ரயிலா, புலியா என்று தெரியாமல், விலகி ஓடுவதற்கும் வழியில்லாமல், மூட்டை முடிச்சுகளுடன் நடைமேடையில் நிற்கும்படி நேர்ந்தால் எப்படியிருக்கும்? வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, உடம்பிலிருந்து துளிச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்காகக் காத்திருப்பது அந்த மாதிரியானது. சமீபத்தில் எங்கள் வீட்டில் பத்து நாட்கள் இப்படிக் கழிந்தன. அதைப் பற்றிச் சொல்வது இதே நிலையில் இருக்கும் யாருக்கேனும் பிரயோஜனப்படும் என்று எண்ணியே எழுதத் துணிந்தேன்.

*

என் அத்தைக்கு வயது 66. என் தகப்பனாருக்கு ஒரே தங்கை. சிறு வயதிலேயே கணவனை இழந்தவள்; குழந்தைகள் இல்லை. ஆவடி என்றதும் பழைய தேசபக்தர்களுக்கு 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மகாசபை நினைவுக்கு வரும். சோஷலிஸ பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் நிறைவேறியது அந்தப் பந்தலில்தான். எனக்கோ ஆவடி என்றால் அத்தையின் சாப்பாட்டு அடுக்குத்தான் நினைவுக்கு வரும். 1961-இல் அங்கே ஏற்பட்ட ராணுவ உடைத் தொழிற்சாலையில் அத்தை முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். முதலில் தையல் யந்திரத்தில் உட்கார்ந்தாள்; பிறகு தைத்து வந்த உடுப்புகளைச் சோதித்துப் பார்க்கும் பகுதிக்குப் போனாள். சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷனில் இறங்கி, அந்த அடுக்கின் மேல்தட்டில் எனக்கென்று மீதி வைத்திருக்கும் ஏதாவதொரு பட்சணத்துடன் வீடு வந்து சேருவாள். அந்த அடுக்குக்காகக் காத்திருந்து வளர்ந்தவன் நான்.

ஒரு நாள் ஸ்நானம் செய்யும்போது இடது மார்பில் கடலைப் பருப்பு அளவில் ஏதோ கெட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டதாக அத்தை என் மனைவியிடம் சொன்னாள். வலி இல்லை, வீக்கம் இல்லை. "வலிக்காததைப் பற்றி என்ன கவலை?" என்று அநேகர் கேட்பார்கள். மார்பில் தோன்றும் கட்டி விஷயத்தில் வலி இல்லை என்பது ஆறுதலுக்குக் காரணமாகாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதே சமயத்தில், இப்படித் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லவென்றும் அவர்களே சொல்கிறார்கள். ஆகையால் பயப்பட வேண்டாம், ஆனால் பார்த்துவிட வேண்டும் என்று என் மனைவி முடிவு கட்டினாள். மறு வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் அம்மாள் கையால் சோதித்தார், எக்ஸ்ரே மாதிரியான மேமோகிராம் படம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில், மரத்துப் போவதற்கு மருந்து போட்டுவிட்டு, ஊசி ஒன்றைச் செலுத்திச் சேமியாத் துண்டு மாதிரி நாலைந்து சதைத் துணுக்குகளை எடுத்தார்கள். இதற்குப் பயாப்ஸி என்று பெயர். அந்தத் துணுக்குகளைத் தண்ணீர் போலத் தெளிந்திருந்த ஒரு திரவத்தில் போட்டு, மூடி, அத்தையின் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டி, புட்டியை என் கையில் கொடுத்து, "இதைக் கீழ் மாடியில் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள்" என்றார்கள்.

என் வாழ்நாளில் நான் எத்தனையோ பாரங்களைத் தூக்கியிருக்கிறேன். அந்த அரை விரல் உயரப் புட்டியைப் போலக் கனத்தது வேறொன்றும் இல்லை. ஜன்னலுக்கு அப்பால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா அதை வாங்கிக் கொண்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்து, "வெள்ளிக்கிழமை வாருங்கள்" என்றார். அன்று திங்கட்கிழமை.

*

வியாதி இன்னதென்று டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே விருந்தினர் வரத் தொடங்கினார்கள். பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு தூரத்து உறவுக்காரி, உடம்பில் ஊசி பட்டதும் கட்டி கோபித்துக்கொண்டு நாலா பக்கமும் பரவிவிடும் என்றாள். இன்னொருவர் கஷாயம் ஒன்றின் பெயரைச் சொல்லி, அது அமெரிக்காவிலேயே பிரசித்தம் என்றார். மூன்றாமவர் எங்கள் சமையல் அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அத்தைக்குத் தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டீர்களா என்று விசாரித்தார். நான்காமவர் ஒரு பெருமூச்சு விட்டு, "யார் எந்த ஜன்மத்தில் செய்த பாவமோ!" என்றார்.

இந்த நாலு பேருக்கும் பதில் சொல்லிவிடுவது அவசியம். ஏனென்றால் காத்திருக்கும் வீட்டில் இவர்களுடைய வார்த்தைகள் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் மறுபடியும் எழுந்து உலாவுகின்றன. ஊசியால் சதை எடுப்பதனால் நோய் பரவிவிடும் என்ற பயம் நம் நாட்டில் மட்டுமல்ல, எல்லா நாட்டிலும் உண்டு. அந்தப் பயத்தினால் பரிசோதனையைத் தட்டிக் கழிப்பவர்களுக்குத்தான் நஷ்டம் அதிகம். கட்டி இன்னதென்று தெரியாமல் சரியான சிகிச்சையைத் தொடங்க முடியாது. புற்றுநோய் ஒருவரைத் தொட்டு மற்றவருக்கு வருவதல்ல. தட்டையும் டம்ளரையும் பிரித்தால் பிரிவது மனது ஒன்றுதான். பாவத்தைப் பற்றிச் சொன்னவருக்கு என் தகப்பனாரே பதில் சொன்னார்: "ராமகிருஷ்ண பரமஹம்ஸர் 1886-இல் தொண்டைப் புற்றுநோயினால் தேக வியோகமானார். ரமண மகரிஷிக்குக் கையில் வந்து, நாலு தடவை ரண சிகிச்சை ஆகி, 1950-இல் சித்தியடைந்தார். அவர்கள் செய்த பாவம் என்ன என்று தாங்கள் விசாரித்துச் சொன்னால், என் தங்கை செய்ததையும் நான் கண்டுபிடித்துச் சொல்கிறேன்." வந்தவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

ஐந்தாவதாக வந்த பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருத்திதான் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "திருவேற்காட்டுக்குப் போகிறேன்; கருமாரிக்கு உன் பேரில் அர்ச்சனை செய்து வருகிறேன். நீயும் வருகிறாயா?" என்று அத்தையைக் கேட்டாள். அத்தையும் கிளம்பிப் போய், அங்குள்ள புற்றுக்குப் பால் வார்த்து, சாயங்காலம் நெற்றி நிறையக் குங்குமத்துடன் திரும்பி வந்தாள். "புற்றைக் கண்டால் பால் வார்க்கிறோம், அந்தப் பேரில் ஒரு நோயைக் கேட்டால் மட்டும் நடுங்குகிறோம். வேடிக்கைதான்!" என்று சொல்லிக்கொண்டே வேப்பிலையைச் சுவாமி மாடத்தில் வைத்தாள். அதுவரை எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதலில் சொன்னவள் அத்தைதான்.

*

புதன்கிழமை இரவு எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண் வந்திருந்தாள். அவள் வேறோர் ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். "துளிச் சதையைப் பார்ப்பதற்கு நாலு நாளா? பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் நாலு நிமிஷத்தில் தெரியாதா?" என்று என் தகப்பனார் அவளிடம் கேட்டார். அவள் சிரிக்கவில்லை; அலுத்துக்கொள்ளவும் இல்லை. புட்டிக்குள் போன துணுக்கின் பிரயாணத்தை ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னாள்.

புட்டியில் இருந்த திரவம் பார்மலின். சதை கெட்டுப் போகாமலும், அதன் அமைப்புக் குலையாமலும் அது பாதுகாக்கிறது. அவசரப்பட்டு வெளியே எடுத்தால் பிறகு செய்வதெல்லாம் வீணாகும். ஆகையால் பல மணி நேரம் அதிலேயே ஊற வேண்டும். அப்புறம் அதை ஆல்கஹாலில் அமிழ்த்துகிறார்கள். முதலில் வீரியம் குறைந்த ஆல்கஹால், பிறகு அதைவிட வீரியமானது, பிறகு அதைவிட வீரியமானது என்று படிப்படியாகச் சதையிலுள்ள தண்ணீர் முழுவதையும் வெளியேற்றுகிறார்கள். பெரும்பாலும் ஒரு யந்திரம் இரவு முழுவதும் கண் விழித்து இந்த வேலையைச் செய்கிறது. பிறகு உருக்கிய மெழுகில் அதை ஊற வைத்து, ஆறவிட்டால் சிறு சவுக்காரக் கட்டி மாதிரி ஒரு மெழுகுக் கட்டி கிடைக்கிறது. அதைக் கூரிய கத்தி பூட்டிய கருவியில் வைத்துச் சீவுகிறார்கள். எவ்வளவு மெல்லியதாகத் தெரியுமோ? மூன்று முதல் ஐந்து மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு செய்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்! சீவிய இழையை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடித் துண்டில் ஏந்தி எடுக்கிறார்கள்.

"அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பாட்டி. எல்லாம் நிறமற்று இருக்கும். அதனால் சாயம் போடுகிறோம். மத்திய அமெரிக்காவில் விளையும் ஒரு மரத்தின் வைரக்கட்டையிலிருந்து எடுத்த சாயம் ஒன்று. அது உயிரணுவின் உட்கருவை நீலமாக்கும். இன்னொரு சாயம் மற்றப் பாகத்தை ரோஜா நிறமாக்கும். அதற்குப் பிறகுதான் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். உயிரணுக்கள் ஒழுங்காக வரிசை வைத்து நிற்கின்றனவா, எல்லை மீறி உள்ளே புகுந்திருக்கின்றனவா என்று கவனிப்பார். சந்தேகம் வந்தால் வேறு விதமான சாயம் போட்டுப் பார்ப்பார். அதற்கு இன்னும் சில நாள் ஆகும். நாளாகிறது என்றால் கெட்ட செய்தி என்று அர்த்தம் செய்துகொள்ளாதீர்கள்."

அத்தை இதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். எங்களுக்குப் பயத்தைத் தந்த சமாசாரம் அவளுக்குத் தொழில் சமாசாரமாக இருந்தது.

"தம்பி!" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "தொழிற்சாலையில் மாதக் கடைசி வந்தால், எண்ணிக்கை கணக்குக்காக 'சீக்கிரம் பார், சீக்கிரம் பார்' என்று எங்களை அவசரப்படுத்துவார்கள். நான் கேட்க மாட்டேன். அவசரமாகப் பார்த்தால் நல்ல தையல் கெட்டதாகத் தோன்றும். கெட்ட தையல் நல்லதாகத் தோன்றும். இரண்டும் தப்பு. எங்கேயோ பனிமலையில் நிற்கிற பையன் போட்டுக்கொள்ளப் போகிற கோட்டு அது. என்னுடையதைப் பார்க்கிறவரும் நிதானமாகவே பார்க்கட்டும்."

அன்று இரவு எங்கள் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் தூங்கினோம். இருளில் ஏதோ ஒரு மூலையில் புட்டி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்ற எண்ணம் போய், யாரோ அதன்மேல் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற எண்ணம் வந்ததே அதற்குக் காரணம்.

*

வெள்ளிக்கிழமை போனேன். குமாஸ்தா ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "திங்கட்கிழமை வாருங்கள்" என்றார். காரணம் கேட்டதற்கு, "வரவில்லை" என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த மனிதர் தினம் இருநூறு பேரிடம் இதே வார்த்தையைச் சொல்கிறவர். அவர்மேல் கோபிப்பதில் பயன் இல்லை. ஆனால் "இன்னொரு சாயம் போடுகிறார்கள், அதனால் தாமதம்" என்ற ஒரு வாக்கியத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த ஜன்னலில் எழுதி வைத்தால், எத்தனை குடும்பங்கள் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு உண்ணும்! தெருக்கோடிப் பெண் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததனால் நாங்கள் பிழைத்தோம்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் பரிசோதனை உச்சத்தை அடைந்தது. என் தகப்பனார் என்னை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், "முடிவு எப்படியிருந்தாலும் அவளிடம் சொல்லக் கூடாது. சாதாரணக் கட்டி, சின்ன ஆபரேஷன் என்று சொல்லிவிடு. டாக்டரிடமும் சொல்லி வைத்துவிடு" என்றார். சொல்லும்போதே அவருக்குக் குரல் கம்மியது. நம் வீடுகளில் இது அபூர்வமான யோசனை அல்ல. நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோயின் பெயர் தெரிந்திருப்பதும், அதை அவருக்குத் தெரியாமல் காப்பதே அன்பின் அடையாளம் என்று எண்ணுவதும் நம்மிடையே நெடுநாளைய வழக்கம்.

என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "அத்தையின் உடம்பு, அத்தையின் ரிப்போர்ட். அவர்களையே கேட்டுவிடுவோமே!" என்றாள். கேட்டும் விட்டாள்.

அத்தை முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே என் தகப்பனாரைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, 1974-இல் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது, குடல் புண் என்று எல்லோருமாகச் சேர்ந்து சொன்னீர்கள். எனக்குப் பதினைந்து வயது. நானும் அப்படியே சொன்னேன். சாவதற்கு ஒரு மாதம் முன்னால் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பெட்டிச் சாவியைக் கொடுத்தாள். பால்காரன் கணக்கைச் சொன்னாள். உனக்கு எந்தக் குழம்பு பிடிக்கும், எந்தக் குழம்பு ஆகாது என்று சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அண்ணா. தெரியும் என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள்தான் இல்லாமல் போய்விட்டது. எனக்கு அப்படி வேண்டாம்."

என் தகப்பனாருக்கு 76 வயது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று தங்கையின் எதிரில் முறத்தின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, அவரும் கல் பொறுக்க ஆரம்பித்தார். மூக்குக் கண்ணாடி இல்லாததனால் அவர் பொறுக்கியது முக்காலும் அரிசிதான். அத்தை ஒன்றும் சொல்லாமல் அதை மறுபடியும் முறத்தில் போட்டுக் கொண்டே வந்தாள்.

*

அதற்குப் பிறகு எஞ்சிய நாட்களை ஓட்டுவதற்கு அத்தையே ஒரு திட்டம் வகுத்தாள். தொழிற்சாலையில் ஷிப்ட் இருப்பது போல, கவலைக்கும் ஒரு ஷிப்ட் வைத்துவிட்டாள். மாலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரையில் நோயைப் பற்றி யார் வேண்டுமானாலும் பேசலாம், அழலாம், கேள்வி கேட்கலாம். ஏழு மணிக்குச் சங்கு ஊதிவிட்டதாக அர்த்தம். மற்ற நேரத்தில் அந்தப் பேச்சு எழுந்தால், "ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்று அத்தை நிறுத்திவிடுவாள். முதலில் இது விளையாட்டாகத் தோன்றியது. ஆனால் நடுநிசியில் பயம் வந்து எழுப்பும்போது, "நாளை மாலை ஆறு மணிக்கு வா" என்று அதனிடம் சொல்லக் கூடியதாயிருந்தது.

இரண்டாவதாக, ஒரு நோட்டுப் புத்தகம். டாக்டரிடம் கேட்க வேண்டியதையெல்லாம் தோன்றும்போதே அதில் எழுதினோம். ரண சிகிச்சை வேண்டுமா? மார்பு முழுவதையும் எடுக்க வேண்டுமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? எத்தனை நாள்? செலவு எவ்வளவு? மூன்றாவதாக, கைப்பேசியில் தனியாக உட்கார்ந்து நோயைப் பற்றித் தேடக் கூடாது என்று ஒரு தடை. அதில் இல்லாத தகவல் இல்லை. ஆனால் நம் அத்தையைப் பற்றிய தகவல் மட்டும் அதில் இல்லை. நடுராத்திரியில் ஒரு மனிதனைக் கலங்க அடிப்பதற்கு, பிறத்தியாருக்கு வந்த கடைசிக் கட்ட நோயைப் பற்றிய ஒரு பக்கம் போதும்.

அந்த மாலை நேரம் ஒன்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியவர். சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணி. தேவதாசி முறை ஒழியப் பாடுபட்டவர். இவையெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகின்றன. அவர் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் என்பது அநேகருக்குத் தெரியாது. அது நடந்தது 1920-களில். சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் பெர்னார்ட் கதிரியக்க நிலையம் ஏற்பட்டதே 1934-இல்தான். தாமே ஒரு டாக்டராயிருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியாத துக்கத்தை அந்த அம்மையார் முப்பது வருஷம் மனத்தில் சுமந்தார். இந்த நோய்க்கென்று தனியாக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஓயாமல் கேட்டார். மாதர் சங்கத்தைக் கொண்டு நிதி திரட்டினார். 1952-இல் நேருஜி அஸ்திவாரக் கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிலையம் திறந்தது. அம்மையாரின் குமாரர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதையே தங்கள் வாழ்க்கையாக்கிக் கொண்டார்கள். டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் காலமாகும் வரையில் அந்த நிலையத்தை விட்டுப் பிரியவில்லை.

இதைக் கேட்டுவிட்டு என் தகப்பனார் வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முப்பது வருஷம்!" என்றார். எங்கள் பத்து நாளை அந்த முப்பது வருஷத்துடன் ஒப்பிட்டுக் குறைத்துக்கொள்ள அவர் முயன்றதாக நான் நினைக்கவில்லை. தங்கையை இழந்த ஓர் உள்ளத்தை, தங்கையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய இன்னோர் உள்ளம் அறிந்துகொண்டது, அவ்வளவுதான்.

*

திங்கட்கிழமையும் ரிப்போர்ட் வரவில்லை. புதன்கிழமை கைப்பேசியில் அழைத்து, டாக்டரைப் பார்க்க வரச் சொன்னார்கள். அத்தை, என் மனைவி, நான், மூவரும் போனோம். இரண்டு பேராவது கூடப் போவது நல்லது என்று என் அனுபவத்தில் சொல்வேன். முதல் வாக்கியத்துக்குப் பிறகு டாக்டர் சொல்வது ஒருவர் காதிலும் சரியாக விழுவதில்லை. ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்துக்கொள்ளலாம்.

டாக்டர் அம்மாள் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரிடம் சொல்வது என்ற தயக்கம் அவர் முகத்தில் தெரிந்தது. அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொண்டு, "என்னிடம்தான் சொல்ல வேண்டும், அம்மா" என்றாள்.

புற்றுநோய்தான் என்று டாக்டர் சொன்னார்.

அந்த அறையில் மின்சார விசிறியின் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. என் மனைவி அத்தையின் கையைப் பிடித்துக் கொண்டாள். அத்தை சிறிது நேரம் மேஜையைப் பார்த்துக் கொண்டிருந்துவிட்டு, "எத்தனை அங்குலம்?" என்று கேட்டாள். டாக்டர் அம்மாளுக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். "1.8 சென்டிமீட்டர்" என்றார். அத்தை மனத்துக்குள் கணக்குப் போட்டாள். "முக்கால் அங்குலம்கூட இல்லை. ஓரம் மடிக்கிற அளவு" என்றாள்.

பிறகு டாக்டர் விவரமாக விளக்கினார். காகிதத்தில் 'கிரேடு' என்று எழுதியிருப்பது உயிரணுக்களின் தோற்றம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் குறிக்கும். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது 'ஸ்டேஜ்' என்னும் வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்கேன் படத்தில் அக்குள் நெறிக்கட்டிகள் சாதாரணமாகவே தெரிகின்றன. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு கதிரியக்க சிகிச்சை அளிக்க முடியும். என்ன மருந்து கொடுப்பது என்று தீர்மானிக்க அதே மெழுகுக் கட்டியிலிருந்து இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும். "அதற்கு ஒரு வாரம் ஆகும்" என்றார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து முதல் கேள்வியைப் படி என்றாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு என் தகப்பனார் யாரும் கூப்பிடாமலே கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, "ம், சொல்லு" என்றார். அத்தை ஆதியிலிருந்து எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. நாங்கள் யாரும் குறுக்கிடவில்லை. ஏழு மணி அடித்த பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை; ஆனால் அப்போது பேச்சு என் பாட்டியைப் பற்றித் திரும்பிவிட்டது. எனக்குத் தெரிந்து ஐம்பது வருஷத்தில் அண்ணனும் தங்கையும் தங்கள் தாயாரின் மரணத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொண்டது அதுவே முதல் தடவை.

ரண சிகிச்சை ஆயிற்று. கதிரியக்க சிகிச்சை நடந்து வருகிறது. இனியும் வருஷக் கணக்கில் மூன்று மாதத்துக்கொரு முறை, ஆறு மாதத்துக்கொரு முறை என்று பரிசோதனைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் முடிவு வரும் வரையில் காத்திருத்தலும் உண்டு. பயம் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு வீட்டில் ஓர் இடமும் நேரமும் ஒதுக்கிவிட்டோம்.

கடைசியாக, இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் சென்னையில் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயே அதிகமாயிருந்தது. இன்று முதலிடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய். சிறிதாயிருக்கும்போதே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளே இழுத்தல், காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிதல் என்று எந்த மாறுதலைக் கண்டாலும், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல், கூச்சப்படாமல், அந்த வாரத்துக்குள்ளேயே வீட்டில் ஒருவரிடம் சொல்லி டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சகோதரர்களே, அப்படி உங்கள் வீட்டுப் பெண்கள் சொன்னால், "ஒன்றும் இராது" என்று தைரியம் சொல்வதோடு நின்றுவிடாமல், உடன் கிளம்புங்கள். புட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டியிருக்கும்.